அப்பனை அடக்கம் பண்ணக் கேட்டவன்

சுடலைமுத்து செத்துப்போன செய்தியை அவருடைய மூத்த மகனுக்குச் சொல்ல வந்தவன் வேலன். காலை ஏழு மணி. தேவர்சோலைப் பக்கம் ஆடி மாதத்தில் மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை, நின்றால்தான் சொல்வார்கள். பிளாஸ்டிக் ஷீட்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றான் வேலன். சாவுச் செய்தி கொண்டுவருபவன் வீட்டுக்குள் ஏறக்கூடாது.

"மோசஸ் அண்ணே, அப்பாவுக்கு அஞ்சு மணிக்கு முடிஞ்சிருச்சுங்க. மூணு மணிக்கு எடுக்கறாங்க. தம்பி பாலன் சொல்லிட்டு வரச் சொன்னான்."

முனியசாமி தலைதுவட்டிக்கொண்டிருந்த துண்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். ஜெபவீட்டில் மோசஸ், தோட்டத்து வருகைப் பதிவான மஸ்டர் ரோலில் முனியசாமி. வேலனுக்கு மட்டும் எந்த இடத்தில் எந்தப் பெயர் என்று ஒருநாளும் பிடிபட்டதில்லை.

"என்னைக் கூட்டிட்டு வரச் சொன்னானா?"

"சொல்லிட்டு வரச் சொன்னான். கூட்டிட்டு வரச் சொல்லலைங்க."

வேலன் போகாமல் காலை மாற்றி மாற்றி வைத்தான்.

"இன்னொரு சங்கதி. குழிக்கு நாலு ஆளு வேணும். எப்பவும் நீங்கதானுங்களே மொத ஆளு. இன்னிக்கு நீங்க வெட்டக் கூடாதே. யாரைச் சேத்திக்கறதுன்னு மேஸ்திரி கேட்டாரு."

"கீழ் டிவிசன்ல யாரையாச்சும் சேத்திக்க."

"அவனுகளா," என்றான் வேலன். "சரிங்க."

அவன் தயங்கியதில் நியாயம் இருந்தது. அந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாராவது செத்தால் மஸ்டரிலிருந்து நான்கு பேரைக் குழி வெட்ட அனுப்புவார்கள். அன்றைக்கு அவர்களுக்கு வேறு வேலை கிடையாது. முன்பெல்லாம் வெட்டுகிறவர்களுக்குச் செத்த வீட்டுக்காரர்கள் சாராயம் வாங்கிக் கொடுப்பது வழக்கம். ஒருமுறை குடித்துவிட்டு வெட்டிய குழி பிணத்தைவிட ஒரு முழம் குட்டையாகப் போய், இறக்கிய பிணத்தை மறுபடி மேலே தூக்கி வைத்துக்கொண்டு, செத்தவனுடைய பெண்சாதி பார்க்கப் பார்க்க வெட்டினார்கள். அதற்கப்புறம் மேஸ்திரி ஒரு முடிவுக்கு வந்தார். ஜெபவீட்டு ஆட்கள் குடிப்பதில்லை. குழி வெட்டுவதற்கு அவர்கள்தான் லாயக்கு.

அப்படித்தான் முனியசாமி குழி வெட்டுகிறவன் ஆனான். ஆறு வருடத்தில் பத்தொன்பது குழி. பாஸ்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டான். அவர் யோசித்துத்தான் சொன்னார். "உழைப்பு பாவமில்ல, மோசஸ். சடங்குதான் பாவம். வெட்டுங்க. ஆனா கொள்ளிச்சட்டி வர்றதுக்குள்ள மேல ஏறி வந்துடுங்க." முனியசாமி அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தான். கொட்டுச் சத்தம் வளைவில் கேட்டதும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தேயிலைக்குள் இறங்கிவிடுவான். பத்தொன்பது பேருக்கு இடம் செய்து கொடுத்தவன் ஒரு பிணம்கூட உள்ளே இறங்கியதைப் பார்த்ததில்லை.

வேலன் போனதும் சட்டையை மாட்டிக்கொண்டு ஜெபவீட்டுக்குக் கிளம்பினான். அடுப்படியிலிருந்து அங்கம்மா எட்டிப் பார்த்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"கீழ போகாம மேல எங்க போறீங்க?"

"கேட்டுட்டு வந்துடறேன்."

"கேளுங்க, கேளுங்க," என்றாள் அவள். "செத்தது உங்கப்பனா அவரு அப்பனான்னும் சேத்துக் கேட்டுட்டு வாங்க."

அவள் கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஜெபவீட்டுக்கு வருவாள். பிரியாணி நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் சொன்னதில்லை. ஆனாலும் பாஸ்டரைப் பற்றி வெளியில் யாராவது தப்பாகப் பேசினால் விடமாட்டாள். அதற்குக் காரணம் உண்டு.

ஆறு வருடத்துக்கு முன்னால் முனியசாமி குடித்துக் குடித்து ஆளே இல்லாமல் போயிருந்தான். தேயிலை உலர்த்தும் டிரையரில் வேலை பார்க்கிறவன், அடுப்புக்கு விறகு போடப் போய் அடுப்பிலேயே விழப்பார்த்தான் என்று ஃபேக்டரியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அங்கம்மாவின் இடது காது அவன் அடித்ததில் இன்றைக்கும் சரியாகக் கேட்காது. அப்போதுதான் இந்த பாஸ்டர் புதிதாக வந்து தகரக் கொட்டகை போட்டார். அவர் முனியசாமிக்கு எந்தப் பிரசங்கமும் செய்யவில்லை. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். பால் இல்லாத கட்டஞ்சாயா குடிப்பார். அவன் நடுங்குவான், திட்டுவான், எழுந்து போகப் பார்ப்பான். அவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பிராந்திக்கடை மூடுகிற நேரம் ஆனதும் எழுந்து போய்விடுவார். நாற்பத்து மூன்று நாள் இப்படி. அங்கம்மா எண்ணி வைத்திருக்கிறாள். நாற்பத்து நாலாம் நாள் அவரை வரவேண்டாம் என்று முனியசாமியே போய்ச் சொன்னான்.

அவன் ஓடையில் ஞானஸ்நானம் எடுத்து மோசஸ் ஆனபோது சுடலைமுத்துகூட மறுப்புச் சொல்லவில்லை. "குடிக்காம இருந்தான்னா எந்தச் சாமியைக் கும்பிட்டா என்ன," என்றார். சண்டை வந்தது போன வருடம்தான். குடும்பத்துச் சாமிக்குக் கொடைத் திருவிழா வந்தது. மூத்தவன் நின்று நடத்த வேண்டியது. முனியசாமி வரமாட்டேன் என்றான். கிழவர் எழுந்து போனார். அடுத்த மாதமே கால் வீங்கிப் பாலன் வீட்டில் படுத்தார். படுத்த இடத்திலேயே பதினோரு மாதம்.

இவன் இருக்கும் மேல் டிவிசனிலிருந்து பாலன் இருக்கும் கீழ் டிவிசனுக்கு நடந்தால் இருபது நிமிடம்.

ஒரே ஒரு முறை முனியசாமி போய்ப் பார்த்தான். கிழவருடைய தலைமாட்டில் திருநீற்றுக் கிண்ணம் இருந்தது. இவன் நெற்றியில் பூச அவர் கையைத் தூக்கினார். இவன் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அந்தக் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் இருந்துவிட்டுப் போர்வைக்குள் போனது. வீட்டுக்கு வந்து பாஸ்டரிடம் சொன்னபோதுதான் அவர் முதல்முறையாக, 'மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்' என்ற வசனத்தைச் சொன்னார். அதற்குப் பிறகு முனியசாமி போகவில்லை. ஈஸ்டர் முடியட்டும் என்றான். கூடலூரில் கன்வென்ஷன் கூட்டங்கள் முடியட்டும் என்றான். மழைக்கு முன்னால் ஜெபவீட்டுக்குத் தகரம் மாற்றிவிடலாம் என்றான். எல்லாம் முடிந்தது. கிழவரும் முடிந்தார்.

பாஸ்டர் ஜெபவீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் அரிசி களைந்துகொண்டிருந்தார். கல்யாணம் ஆகாதவர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். முன்தலை வழுக்கை விழுந்துவிட்டது. செய்தியைக் கேட்டதும் கையைத் துடைத்துவிட்டு முனியசாமியின் தோளில் கைவைத்து ஜெபம் பண்ணினார். உண்மையாகவே பண்ணினார், கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம் இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்தார்கள்.

"போங்க," என்றார். "போய் நில்லுங்க. தம்பிகிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க. ஆனா சட்டி தூக்கக் கூடாது. மொட்டை போடக் கூடாது. மண்ணு போடக் கூடாது."

"மண்ணு மட்டுமாச்சும் போட்டுக்கறனுங்களே பாஸ்டர். அதுல சாமி எங்க வருது?"

"தெற்கு பாத்து நின்னு, புறங்கையால, மூணு தடவைன்னு இருக்குதுல்ல. அதுலதான் வருது." அவர் கோபமாகச் சொல்லவில்லை. "மத்தேயு எட்டுல ஆண்டவரே நேரா சொன்ன விஷயம் இது. எனக்கு அதைத் திருத்த அதிகாரமில்ல."

முனியசாமி தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்கப்பா செத்தப்ப நான் பைபிள் காலேஜ்ல இருந்தேன்," என்றார் பாஸ்டர். இதுவரை அவர் சொல்லாத சங்கதி இது. "தந்தி வந்துது. நானும் மூத்தவன்தான். எங்க வாத்தியார்கிட்ட காட்டினேன். அவரு இதே வசனத்தை எடுத்து வெச்சாரு. போகல. பதினாலு வருஷம் ஆச்சு. எங்கம்மா இன்னிக்கு வரைக்கும் எங்கூடப் பேசறதில்ல. நான் செய்யாத எதையும் உங்களைச் செய்யச் சொல்லலை, மோசஸ்."

"தெரியுதுங்க."

"மண்ணு அள்ளிப் போட்டீங்கன்னா வர்ற ஞாயித்துக்கிழமை திருவிருந்துல உங்களுக்கு நான் அப்பம் குடுக்க முடியாது. சபையில உக்கார வெக்கவும் முடியாது. நான் ஒருத்தன் முடிவு பண்ற காரியமில்ல அது. மத்தவங்க பாத்துட்டிருக்காங்க."

சபை போனால் என்ன ஆகும் என்று முனியசாமிக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பிராந்திக்கடை இருக்கும். டிரையர் வேலை முடிந்து வருகிற பாதையிலும் கடை இருக்கும். ஆறு வருடமாக அந்தக் கடையைத் தாண்டுகிறவன் முனியசாமி இல்லை, மோசஸ். மோசஸ் இல்லாமல் போய்விட்டால் தாண்டுவதற்கு ஆள் இல்லை. இதை அவன் பாஸ்டரிடம் சொல்லவில்லை. அவருக்கும் தெரியும்.

வீட்டுக்குத் திரும்பியபோது அங்கம்மா மாமனாருக்குப் போடக் கோடித்துணியை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பித் தயாராக இருந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"தள்ளி நின்னு பாத்துட்டு வரச் சொன்னாரு."

"எந்த சட்டத்துல?"

அவன் பெட்டி மேலிருந்த வேதத்தை எடுத்து, இடம் தேடி, விரல் வைத்து வாசித்தான். அவளுக்குப் புரியட்டும் என்று மறுபடி தன் பேச்சிலும் சொன்னான். "சீடன் ஒருத்தன் வந்து, ஆண்டவரே, மொதல்ல போய் எங்கப்பனை அடக்கம் பண்ணிட்டு வந்துடறேன், அப்புறம் உங்ககூட வர்றேன்னு கேக்கறான். அதுக்கு அவரு, செத்தவங்களைச் செத்தவங்க அடக்கம் பண்ணிக்கட்டும், நீ எம் பின்னால வான்னு சொல்றாரு. அவ்வளவுதான்."

"செத்தவங்க எப்படிக் குழி வெட்டுவாங்க?"

"அந்தச் செத்தவங்க இல்ல. ஆண்டவரை அறியாதவங்க. உசுரோட இருந்தும் செத்தவங்க."

"ஓகோ. அப்ப ஆறு வருஷமா இந்தத் தோட்டத்துல செத்தவங்களையெல்லாம் அடக்கம் பண்ணினது யாரு? நீங்கதானே. அப்ப நீங்க யாரு?"

"வெட்டறது வேற, அடக்கம் வேறன்னு பாஸ்டர்..."

"சரி, அது கெடக்கட்டும்." அவள் கேட்கிற காதை அவன் பக்கம் திருப்பிக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்தாள். ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடமாட்டாள் என்பதற்கு அது அடையாளம். "அந்த ஊர்ல பொணத்தை எத்தனை நாளு வெச்சிருப்பாங்க?"

"வெக்கமாட்டாங்க. வெயில் ஊரு. அன்னிக்கே எடுத்துருவாங்க."

"இந்தாளு அப்பன் எப்ப செத்தான்?"

"அது போட்டிருக்கல."

"இவன் எங்க நிக்கிறான்? ஊட்லயா?"

முனியசாமி மறுபடி மேலே இருந்து வாசித்தான். கூட்டம் இருந்தது. ஏசு அக்கரைக்குப் போகப் படகுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "கடலோரத்துல நிக்கிறான்."

"ஊட்ல அப்பன் பொணமாக் கெடக்கறான். மூத்தவன் கடலோரத்துல நின்னு சாமிகிட்ட நாயம் பேசிட்டிருக்கான். எந்த ஊர்லங்க நடக்கும் இது?"

முனியசாமி தான் போன செத்த வீடுகளை நினைத்துப் பார்த்தான்.

குழி வெட்டப் போவதற்கு முன்னால் அளவு கேட்க அவன் செத்த வீட்டுக்குப் போவான். பத்தொன்பது வீடு. எந்த வீட்டிலும் மூத்த மகன் வாசலைத் தாண்டி நின்று அவன் பார்த்ததில்லை. ஒன்றுக்குப் போவதென்றாலும் பங்காளி ஒருத்தன் கூடப் போவான். தேங்காய் வாங்க, பந்தல் கட்ட, சொல்லிவிட என்று எல்லாவற்றுக்கும் அடுத்த ஆட்கள்தான். பிணத்தை எடுக்கும்வரை மூத்தவன் பிணத்தோடு கட்டப்பட்டவன். கடலோரத்தில் கூட்டத்துக்குள் நின்று, போகலாமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான் என்றால், அவன் வீட்டில் பிணம் கிடக்கவில்லை.

"அவன் அப்பன் சாகவே இல்ல," என்றான் முனியசாமி மெதுவாக.

"நம்ம வேலன் எட்டு வருஷமாச் சொல்லிட்டிருக்கானே," என்றாள் அங்கம்மா. "திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயிருவேன், அப்பனை எடுத்துப் போட்டுட்டுத்தான் போவேன்னு. கெழவன் தெனம் காலையில எனக்கு முன்னால டீக்கடைக்கு நடந்து போறான். அந்த மாதிரி ஆளுதான் இவனும். அப்பன் போற வரைக்கும் ஊட்ல இருந்துட்டு, சொத்து சொகத்தைப் பாத்துட்டு, அப்புறம் சாவகாசமா வர்றேங்கறான். சாமிக்கா தெரியாது. அதான் வெடுக்குன்னு சொல்லிருச்சு."

அவளுக்கு விஷயம் முடிந்துவிட்டது. எழுந்து சேலையை உதறினாள். முனியசாமிக்கு முடியவில்லை. வசனத்திலிருந்து பிணத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது உயிரோடு இருக்கும் அப்பன். அவனை விட்டுவிட்டு வா என்றால் அது இன்னும் கடுமையான பேச்சு. தான் செய்தது அதுதானே, உயிரோடு இருந்த அப்பனை விட்டுவிட்டு வந்ததுதானே, அப்படியானால் சரியாகத்தான் செய்தேனா என்று ஒரு நிமிடம் கணக்கு ஓடியது. அப்புறம் அதற்கும் பதில் வந்தது. அந்தச் சீடனுக்குப் போக ஒரு படகு நின்றது. அக்கரை இருந்தது. கூப்பிட்டவர் கிளம்பிக்கொண்டிருந்தார். இவனை யார் எங்கே கூப்பிட்டார்கள்? ஃபேக்டரி, வீடு, ஜெபவீடு. எங்கும் போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, இருபது நிமிடத் தூரத்தைப் பதினோரு மாதத்தில் ஒரு தடவைக்கு மேல் நடக்காமல் இருந்தான். கடலோரத்தில் நின்றவனாவது அப்பனோடு இருக்கத்தான் சாக்குச் சொன்னான்.

"என்ன, வர்றீங்களா? இல்ல இன்னும் வசனம் தேடணுமா?" என்றாள் அங்கம்மா. "உசுரோட இருக்கறப்பப் போகாத ஆளுக்கு இப்ப எதுக்குங்க வசனம்?"

அவன் வேதத்தைப் பெட்டி மேல் வைத்துவிட்டு அவள் பின்னால் இறங்கினான்.

கீழ் டிவிசன் லைன் வீடுகளுக்கு முன்னால் பந்தலுக்குப் பதில் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தார்கள். பாலனுக்கு மொட்டை அடித்து முடிந்திருந்தது. மழை ஈரமும் சேர்ந்து அவன் தலை பளபளவென்று இருந்தது. அண்ணனைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வேடிக்கை பாக்க வந்தீங்களா, செய்ய வந்தீங்களா?"

"செய்யத்தான்."

"உங்க சபையில ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்கமாட்டாங்க."

பாலன் அதை எதிர்பார்க்கவில்லை போல. பங்காளிகள் இரண்டு பேர், மூத்தவன் வந்தாச்சு, நல்லதாப்போச்சு, சட்டியை அவன்கிட்டக் குடுத்துருங்கப்பா என்றார்கள். பாலன் எழுந்து நின்றான்.

"குடுக்கமாட்டேன்," என்றான். குரல் உயரவில்லை. "பதினோரு மாசம் பீ மூத்திரம் அள்ளினவன் நான். தூக்கி உக்கார வெச்சு, பொரட்டிப் போட்டு, ராத்திரியெல்லாம் காலைப் பிடிச்சுவிட்டவன் நான். உங்க பேரைத்தான் கூப்பிடுவாரு. நான் போய் நிப்பேன். முனியாங்கறாரு, நான் ஆமாங்கறேன். கடைசி ஒரு மாசம் அவருக்கு நாந்தான் நீங்க. இப்ப வந்து சட்டி தூக்கறதுன்னா எப்படிங்கண்ணே?"

பங்காளிகள் முறை, வழக்கம் என்று ஆரம்பித்தார்கள். முனியசாமி கையைக் காட்டி நிறுத்தினான்.

"நீயே தூக்கு. நான் மண்ணு மட்டும் போட்டுக்கறேன். அதுக்கும் நீ சரின்னாத்தான்."

பாலன் நாவிதரைப் பார்த்துத் தலையை அசைத்தான். முனியசாமி பலகையில் உட்கார்ந்து தலையைக் கொடுத்தான்.

மொட்டை அடித்து முடிக்கும்போது வேலன் மேலெல்லாம் சேறாக ஓடிவந்தான். குழியில் தண்ணீர் ஊறுகிறது என்றான். மூன்றடி வரை சரியாக வந்தது, அதற்கப்புறம் ஊற்று உடைத்துக்கொண்டது, வெட்ட வெட்ட இடிந்து விழுகிறது, புதிய ஆட்களில் ஒருத்தன் ஏற்கெனவே தள்ளாடுகிறான். "பக்கத்துல வேற எடத்துல தோண்டலாமுங்களா?"

"எங்க தோண்டினாலும் ஊறும்," என்றான் முனியசாமி. "ஆடியில அந்தச் சரிவே அப்படித்தான். மேல் பக்கம் ஒரு வாய்க்கால் கீறி தண்ணியைத் திருப்பணும். செய்யலையா?"

"எங்களுக்குத் தெரிஞ்சாத்தானே."

அவன் எழுந்தான். பெற்ற பிள்ளை குழி வெட்டக் கூடாது என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். "வெட்டலைங்க," என்றான் முனியசாமி. "தண்ணி எறைக்கத்தான் போறேன்."

சுடுகாடு ஓடைக்கு மேலே தேயிலைக்கும் சவுக்குக்கும் நடுவில் இருந்தது. மேல் பக்கம் வேலனை விட்டு வாய்க்கால் கீறச் சொன்னான். பக்கம் இடியாமல் இருக்க நான்கு சவுக்குக் கம்பை வெட்டி முட்டுக் கொடுத்தான். அப்புறம் வாளியோடு உள்ளே இறங்கினான். முழங்கால் அளவுக்குச் செந்தண்ணீர். மொண்டு மொண்டு மேலே கொடுத்தான், வாங்கி ஊற்றினார்கள். இரண்டு மணிக்கு மேல் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. அடியில் சவுக்குத் தழையை வெட்டிப் போட்டுப் பரப்பினான். அவன் யாருக்கும் இவ்வளவு செய்ததில்லை என்று வேலன் சொன்னான். வெட்டியதுதான் கோணல் என்று முனியசாமி சொன்னான்.

வளைவில் கொட்டுச் சத்தம் கேட்டது. அவன் உடம்பு பழக்கத்தில் விளிம்பைப் பிடித்து ஏறப் பார்த்தது. கை விளிம்பில் இருந்தது, கால் தழையில் இருந்தது. அப்புறம் கையை எடுத்துவிட்டான்.

முன்னால் பாலன் சட்டியோடு வந்தான். மழையில் நெருப்பு அணையாமல் இருக்க ஒருவர் அவன்மேல் குடை பிடித்து வந்தார். குழிக்குள் அண்ணன் நிற்பதைப் பார்த்தான். பிணத்தை உள்ளே நின்று வாங்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் ஏற்கெனவே நிற்கிறான். கால்பக்கத்துக்கு வேலன் இறங்கினான். தலைப்பக்கத்தை முனியசாமி வாங்கினான். துணிக்குள் அப்பனுடைய பிடரி அவன் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. தெற்கே தலை வைத்து, தழைமேல் கிடத்தி, துணியைச் சரிசெய்து, முகத்தில் தெறித்திருந்த சேற்றை ஈரக் கையால் துடைத்தான். சேறு இன்னும் கொஞ்சம் பரவியது. மறுபடி புறங்கையால் துடைத்தான். மேலே யாரும் அவசரப்படுத்தவில்லை.

அவர்கள் ஏறி வந்ததும் பாலன் தெற்கு பார்த்து நின்று மண்ணைத் தள்ளினான். தள்ளிவிட்டு இரண்டடி விலகி இடம் கொடுத்தான். முனியசாமி மூன்று தடவை தள்ளினான். ஈர மண், உதிராமல் கட்டியாக விழுந்தது.

அப்போதுதான் மேலே பாதையில் பாஸ்டர் நிற்பதைப் பார்த்தான். கருப்புக் குடை. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. சுடுகாட்டு எல்லைக்குள் வரவில்லை.

திரும்பிப் பார்க்காமல் எல்லோரும் குளிக்க ஓடைக்கு இறங்கினார்கள். முனியசாமி பாதைக்கு ஏறினான்.

"ஸ்தோத்திரம் பாஸ்டர்."

"ஸ்தோத்திரம்." அவர் இவனுடைய தலையைப் பார்த்தார். "முடிவு பண்ணிட்டீங்க."

"வசனத்தை மீறிச் செய்யலைங்க. அந்த ஆளு அப்பன் சாகலைங்க பாஸ்டர். செத்திருந்தா அவன் கடலோரத்துல நிக்கமாட்டான். பொணத்தை வெச்சுட்டு எந்த மூத்தவனும் வெளிய வரமாட்டான். அப்பன் போற வரைக்கும் இருந்துட்டு வர்றேன்னு கேட்டிருக்கான். அதுக்குத்தான் ஆண்டவரு அப்படிச் சொன்னது."

குடைக் கம்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரு சொன்னது?"

"எங்க ஊட்டுக்காரிதாங்க."

"அவங்களா," என்றார். அவரால் அதை மறுக்க முடியும் என்றுதான் முனியசாமி நினைத்தான். படித்தவர். நான்கு இடத்திலிருந்து நான்கு வசனம் எடுத்துப் போட்டிருக்கலாம். அவர் போடவில்லை. "நூறு தடவை பிரசங்கம் பண்ணியிருப்பேன் அதை," என்றார். அப்புறம், "எங்கப்பா செத்துட்டாருன்னுதான் தந்தி வந்துது, மோசஸ்," என்றார்.

முனியசாமிக்கு அப்போதுதான் உறைத்தது, தான் எதைக் கொண்டுவந்து இவர் தலையில் போட்டுவிட்டோம் என்று. வார்த்தையைத் திருப்பி எடுக்க வழியில்லை. அப்படி இல்லாமலும் இருக்கலாம் பாஸ்டர், எனக்கென்ன தெரியும் என்று சொல்ல வாய் வந்தது. பொய். சொல்லவில்லை.

"ஞாயித்துக்கிழமை நான் வரலாமுங்களா?" என்றான். "அப்பம் வேண்டாம். கடைசியில கதவுகிட்ட உக்காந்துட்டுப் போறேன். வராம இருந்தேன்னா என்ன ஆவேன்னு உங்களுக்குத் தெரியும்."

"வாங்க," என்றார் பாஸ்டர். "முன்னாலயே உக்காருங்க. மத்தவங்ககிட்ட நான் பேசிக்கறேன்." என்ன பேசுவார் என்று அவருக்கே தெரியாதது முகத்தில் தெரிந்தது. குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "உள்ள எறங்கி வாங்கினீங்களே, பாத்தேன். கனமா இருந்தாரா?"

"இல்லைங்க. ஒரு மூட்டைக் கொழுந்துகூடத் தேறமாட்டாரு. படுத்துப் படுத்து ஒண்ணுமில்லாமப் போயிட்டாரு."

"எங்கப்பா நல்ல கனம்," என்றார் பாஸ்டர். "ஆறடிக்கு மேல. படுத்த மனுஷனுமில்ல, நின்னாப்புல போனவரு." கீழே ஓடையில் குளித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தபடியே சொன்னார். "எத்தனை பேரு எறங்கி வாங்கினாங்கன்னு தெரியல. நான் கேக்கவே இல்ல."

கீழேயிருந்து பாலன் கூப்பிட்டான். அண்ணே என்று இல்லாமல், வாங்க குளிக்க என்று மட்டும். முனியசாமி பாஸ்டர் பக்கத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். இரண்டாம் முறை கூப்பிட்டபோது இறங்கினான்.